தலைக்கு மேலே தொம் தொம்

மருத்துவமனையின் முழங்கால் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவளுக்கு வீட்டில் ‘ரேடியோ’ என்று பெயர். புருஷன் வைத்தது, பொருத்தமாகத்தான் வைத்தார். தெருவில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் இவள் காதுக்கு வந்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போகும். அப்பேர்ப்பட்டவளுக்கு, எதையும் தெரிந்துகொள்ளக் கூடாத வேலையைக் கொடுத்தார்கள் என்றால் சிரிப்பு வராதா?

பயிற்சியால் முழங்கால் வலி குறைகிறதா என்று பார்க்க மருத்துவமனையில் ஓர் ஆய்வு; வலிக்காரர்களைக் கணினி குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குத் தினமும் வீட்டில் செய்யப் பயிற்சி. மறு பாதிக்கு வழக்கமான மாத்திரையும் அறிவுரைத் தாளும். தொடக்கத்தில் ஒரு முறையும் சில மாதம் கழித்தும் எல்லோரும் தாழ்வாரத்தில் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோடு வரை நடக்க வேண்டும். ரேடியோ ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி நேரம் பார்ப்பாள். யார் எந்தப் பாதி என்பது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது.

"தெரிஞ்சா என்ன சார்? நான் பொய்யா எழுதப் போறேன்?" என்று ஆய்வின் புள்ளியியல்காரரிடம் சண்டைக்கே போனாள்.

"நீங்க எழுத மாட்டீங்கம்மா. உங்க கட்டைவிரல் எழுதிடும்," என்றார் அவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. யார் எந்தப் பாதி என்று தெரிந்துவிட்டால் இந்த வேலையையே விட்டுவிடுகிறேன் என்று சபதம் போட்டாள். நோயாளிகள் வாயைத் திறந்தால், "பேசாம நடங்க!" என்று அதட்டினாள். மதிய உணவின்போது யாராவது கிசுகிசுத்தால் டப்பாவோடு எழுந்து ஓடினாள்.

வினை மாடியிலிருந்து வந்தது. மாடி வீட்டு அக்காவும் இந்த ஆய்வில் இருந்தாள். ரேடியோவின் பிரசவத்தின்போது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள், கூடப்பிறந்தவளுக்கும் மேல். ஆய்வு தொடங்கிய கையோடு தினமும் காலையில் தலைக்கு மேலே தொம், தொம், தொம்.

புருஷன் சிரித்தார். "இதுக்குமா காதைப் பொத்திக்குவே?"

பொத்தினாள். மிக்ஸியை ஓடவிட்டாள். என்ன செய்து என்ன? அக்கா பயிற்சிப் பாதிதான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது.

கடைசி அளவெடுக்கும் நாளில் அக்கா நடந்தாள். முன்பு எடுத்ததைவிட நேரம் குறைவு! ரேடியோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷமே அடுத்த நொடி சந்தேகத்தைக் கிளப்பியது: விரல் முந்திக்கொண்டதோ? வழியில் போன வார்டு நர்ஸைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், இவங்க இன்னொரு தடவை நடப்பாங்க. நீங்களும் நேரம் பாருங்க. எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

ஒரே நடை, இரண்டு கடிகாரம். ரேடியோவின் நேரம்தான் குறைவாக இருந்தது. அக்காவின் கால் கோட்டைத் தொடும் முன்பே இவள் விரல் பொத்தானை அமுக்கியிருந்தது.

நேராகப் புள்ளியியல்காரரிடம் போய் நின்றாள். "என் வாயைக் கட்டிட்டேன் சார், விரலைக் கட்ட முடியல. அக்கா எந்தப் பாதின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சிஸ்டர் எடுத்ததையே வச்சுக்குங்க. நான் விலகிக்கிறேன்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நர்ஸ் எடுத்ததை வச்சுக்கறேன். ஆனா நீங்க விலகக் கூடாது. இப்படி வந்து சொல்ற ஆள்தான் எனக்கு வேணும்," என்றார் அவர்.

ஆய்வு முடிந்து ரகசியத்தைத் திறந்தால், அக்கா அறிவுரைத் தாள் பாதி!

"அப்போ அந்தத் தொம் தொம் என்னக்கா?"

"உங்க மாமா தொப்பையைக் குறைக்கறேன்னு ஸ்கிப்பிங் ஆடினாருடி!"

ரேடியோ வயிறு வலிக்கச் சிரித்தாள். செய்யாத பயிற்சிக்கு அல்லவா அவள் விரல் மார்க் போட்டிருந்தது!

பயிற்சி செய்தவர்கள் நன்றாகவே தேறியிருக்கிறார்கள் என்று கணக்கு சொன்னது. மறு பாதிக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். அக்காவுக்கு ரேடியோவே கற்றுக்கொடுத்தாள். சில மாதம் கழித்து ஒருநாள் அக்கா கடகடவென்று மாடிப்படி இறங்கி வந்தாள்.

"எப்படிடி நடக்கறேன்? நேரம் பாரு!"

ரேடியோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் பார்க்க மாட்டேன்க்கா. சிஸ்டர்கிட்ட போங்க. நீங்க எனக்கு ரொம்ப வேண்டியவங்க."