கையைத் தூக்கச் சொல்லாத ஐந்து படங்கள்

1. வழக்கமான படங்கள்

எங்கள் கிளினிக்கில் ஒரு பழக்கம் உண்டு. பிளாஸ்டிக் சர்ஜரி ஆலோசனைக்கு யார் வந்தாலும் டாக்டர் பார்ப்பதற்கு முன் நான் ஐந்து படங்கள் எடுக்க வேண்டும். நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, லேசாகத் திரும்பி நின்று இரண்டு. நீலத் திரைக்கு முன்னால், முகம் தெரியாமல். "நேரா நில்லுங்க, கையைக் கீழ விடுங்க, மூச்சைப் பிடிக்காதீங்க." இதை மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் இருபத்தாறு வருஷம் சொல்லியிருக்கிறேன். புனே கேம்ப் பக்கம் இருக்கும் அந்த கிளினிக்கில் நான் சீனியர் நர்ஸ். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் பெருமையைச் சொல்ல அல்ல, நான் அசடாக நின்ற ஒரு நாளைச் சொல்ல.

அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பத்துநாலு. சேலத்திலிருந்து வந்து போசரியில் தங்கிவிட்ட குடும்பம். சாகணில் ஒரு கார் கம்பெனியில் வண்டி பூட்டும் லைனில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் வேறோர் இடத்தில் மார்பில் இம்பிளான்ட் வைத்துக்கொண்டவள். அது சரியில்லை, மறுபடி ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்க வந்திருந்தாள்.

"என்னம்மா பிரச்சினை?"

"நகருது சிஸ்டர். வேலை பாக்கும்போது மேல ஏறி அக்குள் பக்கம் ஓடுது. ரெண்டு டாக்டருங்ககிட்ட காமிச்சேன். சப் டீக் ஹை, எல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்க மனசுலதான் கோளாறுன்னு சொல்லிட்டாங்க."

ஐந்து படம் எடுத்தேன். ஐந்திலும் இரண்டு பக்கமும் அளவாக, அழகாக இருந்தன. எனக்கு எரிச்சல் வந்தது. ஆண்டவர் கொடுத்தது போதாதென்று வைத்துக்கொள்வானேன், அப்புறம் அழுவானேன் என்று மனசுக்குள் திட்டினேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எனக்கு உள்நாக்கு மட்டும் இவ்வளவு நீளம்!

டாக்டர் மேடம் வந்தார். மராத்திக்காரர், அதிகம் பேசமாட்டார். திரையில் படங்களைப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், அவரும் இந்தியில் அதையே சொன்னார்: "நல்லாத்தானே இருக்கு. ஆறு மாசம் போகட்டும், பார்க்கலாம்."

செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகிறவளைச் சும்மா அனுப்பக்கூடாதே என்று, பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"லைன்ல என்ன வேலைம்மா உனக்கு?"

"வண்டி தலைக்கு மேல தொங்கிட்டு வரும் சிஸ்டர். நான் அடியில நின்னு போல்ட் முடுக்குற கன்னை வெச்சு முடுக்கணும். இப்படி."

கவுனைக்கூடக் கட்டாமல் இரண்டு கைகளையும் உயர்த்தி, கையில் கன் இருப்பது போல மேலே அழுத்திக் காட்டினாள். அம்மாடி! இரண்டு இம்பிளான்ட்டும் ஒன்றாக மேலே ஏறின. அக்குளை நோக்கி விலகின. கீழே தோல் குழிந்து சுருங்கியது. கையை இறக்கினாள், பழைய இடத்துக்கே வந்துவிட்டன.

"அரே!" என்றார் மேடம். "இன்னொரு தடவை காட்டு."

நான் கேமராவை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். இருபத்தாறு வருஷமாக ஒருத்தியைக்கூடக் கையைத் தூக்கச் சொன்னதில்லை.

2. யாரும் கேட்காத கேள்வி

மேடம் அவளை உட்கார வைத்துப் படம் வரைந்து விளக்கினார். அப்போது ஆபரேஷன் செய்தவர் இம்பிளான்ட்டை மார்புத் தசைக்கு அடியில் வைத்திருக்கிறார். அது தவறான முறை அல்ல, பலருக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் தசை இறுகும்போதெல்லாம் அதையும் சேர்த்துத் தள்ளும். நாள் முழுக்கக் கையை மேலே அழுத்துகிறவளுக்கு அது ஆகாது.

"நீ என்ன வேலை செய்றேன்னு அவங்க கேட்கலையா?"

"ஜாப் போறேன்னு சொன்னேன் மேடம். அதுக்கு மேல கேக்கல."

ஷிப்டு முடிவதற்குள் வலி தாங்கவில்லை என்று சூப்பர்வைசர் அவளை பேக்கிங் மேஜைக்கு மாற்றப் பார்த்தாராம். வண்டிக்கு அடியில் நிற்கும் ஒரே பெண் அவள். "ஒருதரம் எறங்கிட்டா மறுபடி ஏத்த மாட்டாங்க சிஸ்டர். பொம்பளைக்கு இதெல்லாம் ஆகாதுன்னு முடிச்சிருவாங்க."

மேடம் மூன்று வழி சொன்னார். அப்படியே விட்டு வேலையை மாற்றிக்கொள்ளலாம். மொத்தமாக எடுத்துவிடலாம். அல்லது எடுத்து, தசையைப் பழைய இடத்தில் தைத்து, தசைக்கு மேலே புதிதாக வைக்கலாம். மூன்றாவதில் விளிம்பு கைக்குத் தட்டுப்படலாம், சுற்றிலும் இறுகிப்போகலாம், பின்னால் மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். எதையும் மறைக்கவில்லை. "இரண்டு வாரம் யோசி. அதற்கு முன்னால் சரி என்று சொன்னாலும் நான் கேட்கமாட்டேன்."

3. ஃபிட்டிங்

இரண்டு வாரம் கழித்து வந்தாள். உள்ளே போவதற்குள் நான் குறுக்கே விழுந்தேன்.

"எடுத்துரு கண்ணு. எதுக்கு இந்த வம்பு?"

அவள் கோபப்படவில்லை. "சிஸ்டர், எனக்குச் சின்னதுலேர்ந்து ஒரு பக்கம் வளரவே இல்ல. பதினஞ்சு வருஷம் துப்பட்டாவுல மூடிட்டுத் திரிஞ்சேன். ஆசைப்பட்டு வெச்சேன், அதுல எனக்கு வெக்கமே இல்ல. லைன்ல ஒரு பார்ட் சரியா உக்காரலன்னா பார்ட்டே வேணாம்னா சொல்வோம்? ஃபிட்டிங்கைத்தானே மாத்துவோம்?"

எத்தனையோ பேருக்கு நான் உபதேசம் செய்திருக்கிறேன். எனக்கு இப்படி ஒருத்தரும் செய்ததில்லை.

4. தியேட்டரில்

ஆபரேஷன் அன்று கருவிகளை எடுத்துக் கொடுக்க நானே நின்றேன். இம்பிளான்ட் வைத்தால் உடம்பு அதைச் சுற்றித் தானாகவே ஒரு மெல்லிய உறையை உண்டாக்கிக்கொள்ளும். நனைந்த வெங்காயத் தோல் மாதிரி, ஒளி படும்போது மினுங்கும். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அதைக் கண்கொண்டு பார்த்தேன். யாரோ கொண்டுவந்து வைத்த பொருள் அது. நமக்கென்ன என்று உடம்பு விட்டுவிடவில்லை. அவள் போல்ட் முடுக்கிய மூன்று வருஷமும் அது சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

ரத்தம் நிறுத்தும் மின்முனை தசையில் பட்டதும் அது வெடுக்கென்று துள்ளியது. அவளோ ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தாள். நான் "ஏசப்பா" என்றேன். மேடம் முகக்கவசத்துக்குள் சிரித்தார். முதல் ஆபரேஷனில் வெட்டி விலக்கியிருந்த அந்தத் தசையின் ஓரத்தை விலா எலும்பின் மேல் அதன் சொந்த இடத்திலேயே தையல் தையலாகப் பதித்தார். தசைக்கு மேலே புதியதை வைத்து முடித்ததும் கட்டிலை நிமிர்த்தி, மயங்கியவளை உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் ஒப்பிட்டார். ஒரு மனிதக் கை இவ்வளவு செய்யுமா, ஒரு மனித உடம்பு இவ்வளவுக்கும் இடம் கொடுக்குமா என்று நான் மலைத்துப்போனேன்.

5. ஆறாவது படம்

இப்போது எங்கள் ஃபார்மில் ஐந்து படத்தோடு ஆறாவதாக ஒன்றும் உண்டு. வந்தவர் தினமும் செய்யும் வேலையைச் செய்து காட்டச் சொல்லி எடுக்கும் படம். மாவு பிசைகிறவர் பிசைவார், ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் ஹேண்டிலைப் பிடிப்பார். பிள்ளைகளே, ஆளை நிற்க வைத்து மட்டும் பார்க்காதீர்கள். என்ன வேலை என்று கேளுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள்.

முதல் ஆறாவது படம் செல்வியுடையதுதான். மூன்று மாதம் கழித்து மேடம் சோதித்துவிட்டு, "இனி தூக்கலாம்" என்றார். அவளுக்குப் பயம். "நீங்க சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.

"கையை மேல தூக்கும்மா" என்றேன்.

தூக்கினாள். அழுத்தினாள். எதுவும் நகரவில்லை. கையை இறக்காமல் கேட்டாள்: "திங்கக்கிழமை லைனுக்குப் போலாமா மேடம்?"

மேடம் தலையாட்டினார். நான் பட்டனை அழுத்தினேன். அவசரத்தில் படம் கலங்கலாக விழுந்தது. அவளை இன்னொரு தடவை தூக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. சிரித்துக்கொண்டே தூக்கினாள்.