மூச்சை விடச் சொல்ல மறந்த நாள்

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், எல்லாம் ஆஸ்பத்திரிச் சம்பளத்தில்தான். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆனாலும் இதய நோயாளருக்குக் குழாய் விடுகிற கத் லாப்பில் அட்டென்டனாக நின்றவள் நான். புதிதாக அந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி அபி எழுதுகிறாள்.

அன்று மேசையில் படுத்திருந்தவர் குருநகர் யோசப் அண்ணை. இளமை முழுக்கச் சங்கு குளித்தவர். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று அவருக்கு அடைத்துப் போயிருந்தது. நெஞ்சைத் திறக்க அவர் உடன்படவில்லை.

"வெட்ட விடமாட்டன். கைக்குள்ளாலை குழாய் விடுறதெண்டால் விடுங்கோ, இல்லாட்டி நான் வீட்டை போறன்" என்றுவிட்டார். இது சரிவராவிட்டால் அவருக்கு வேறு வழி இல்லை.

கடலில் மூழ்கி மூழ்கி ஒரு காது முழுதாய்ப் போய்விட்டது. மற்றது அரைவாசி. முகமூடிக்குள் இருந்து டொக்டர் பேசுவது அவருக்குக் கேட்காது.

"அக்கா, நீங்கள் தலைமாட்டிலை நில்லுங்கோ. நான் சொல்லுறதை அவரின்ரை காதுக்குள்ளை சொல்லுங்கோ" என்றார் டொக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எக்ஸ்ரே கதிர் படாமல் இருக்கப் போடுகிற பாரமான ஈயச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

இரத்தக் குழாய்க்கு உள்ளேயே போய்ப் படம் எடுக்கும் கமராவை அன்றுதான் முதன்முதல் கண்டேன். நூல் போன்ற ஒரு வயரின் மேல் அது போகும். டை என்கிற சாய மருந்து அடித்து இரத்தத்தை ஒதுக்கி, இரண்டு மூன்று செக்கனில் படம் எடுத்துவிடும். அந்த நேரம் நெஞ்சு அசையக் கூடாது.

"பிடிக்கச் சொல்லுங்கோ" என்றார் டொக்டர்.

"அண்ணை, மூச்சைப் பிடியுங்கோ!"

பிடித்தார். திரையில் குழாயின் உட்புறம் வட்டமாக விரிந்தது, கிணற்றை மேலே நின்று எட்டிப் பார்ப்பதுபோல. உயிரோடு இருக்கிற மனிதனின் இதயத்துக் குழாய்! வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "சரி, விடச் சொல்லுங்கோ" என்று டொக்டர் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை.

மொனிட்டரின் சத்தம் மெதுவாகியது. இன்னும் மெதுவாகியது. பக்கத்தில் நின்ற நேர்ஸ் மிசி ஊசி மருந்து எடுக்க ஓடினா.

"என்ன இது? துடிப்பு விழுகுது!" என்றார் டொக்டர்.

குனிந்து அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, கன்னத்தை உப்பிக்கொண்டு, கடலடியில் கிடப்பவர் போலக் கிடந்தார்.

"ஐயோ அண்ணை, விடுங்கோ! மூச்சை விடுங்கோ!"

புஸ் என்று விட்டார். துடிப்பு ஏறியது. "ஏன் தங்கச்சி கத்துறாய்? நீ விடச் சொல்லேல்லை, நான் விடேல்லை. இன்னும் ஒரு நிமிசம் கிடந்திருப்பன்."

மிசி சிரித்துவிட்டா. டொக்டர் சிரிக்கவில்லை. "அக்கா, படம் பாக்க நான் இருக்கிறன். நீங்கள் ஆளைப் பாருங்கோ." நான் குறுகிப் போனேன்.

படத்தில் குழாயைச் சுற்றி வளையமாகக் கல்சியம் கல்லாய் இறுகியிருந்தது. "உதுக்குள்ளை நேரை ஸ்டென்ட் வைச்சால் விரியாது. முதல் அரைக்க வேணும்" என்றார் டொக்டர். ஸ்டென்ட் என்றால் குழாய் மூடாமல் தாங்கி நிற்கும் சின்னக் கம்பி வலைக் கூடு. வைரத்தூள் பூசிய கடுகளவு முனையை உள்ளே விட்டு, சில செக்கன் சுழல விடுவார், நிறுத்துவார், மறுபடி விடுவார். பல்லு டொக்டரின் மெசின்போலச் சத்தம். அண்ணையின் அரைவாசிக் காதுக்கும் அது கேட்டுவிட்டது.

"ஆர் தங்கச்சி இஞ்சை கத்தி தீட்டுறது?"

"உங்கடை கல்லைத்தான் அரைக்கினம். ஆடாதேங்கோ."

"அரைக்கட்டும். அப்பிடியே சம்பலுக்கும் அரைக்கச் சொல்லு."

திரும்பவும் படம். "பிடியுங்கோ அண்ணை." இந்த முறை திரைப் பக்கம் நான் திரும்பவே இல்லை. அவருடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். டொக்டர் வாய் திறந்ததும், "விடுங்கோ அண்ணை!"

"வளையம் உடைஞ்சிட்டுது!" என்றார் டொக்டர். ஸ்டென்ட் வைத்தார்கள். முழுதாய் விரிந்தது. "இப்ப வந்து பாருங்கோ அக்கா." பார்த்தேன். குழாய் வட்டமாய்த் திறந்து கிடந்தது.

"என்னவாம் தங்கச்சி?"

"வெட்டத் தேவையில்லையாம் அண்ணை."

அவர் குழாய் விடாத கையால் என் ஈயச் சட்டையின் ஓரத்தைப் பிடித்தபடி கிடந்தார்.

அந்த அறையில் எல்லாரும் திரையைத்தான் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவராவது மேசையில் கிடப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது எங்கள் வேலை. அதற்குப் படிப்புத் தேவையில்லை.

அபி, இதை ஒருக்கால் உரக்க வாசி பாப்பம் பிள்ளை. நான் மறந்து நிண்ட இடத்தை விட்டிட்டு வாசியாதை.