அக்காவுக்கு மாமா எழுதிய கேஸ்

எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த இன்டர்வியூ ஒரே ஒரு வகைதான். அகதி என்று வந்து இறங்கியவரை ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி, ஒரு ஒபிசர் கேள்வி கேட்பார். பதிலில் ஒரு திகதி பிசகினாலும் போச்சு, ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா அதை ஜெர்மனியில் இரண்டு தரம் கொடுத்தவர். மாமா லண்டனில் மூன்று தரம். ஆகவே 2009ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், அமெரிக்காவிலிருக்கும் ஒரு கல்லூரி அக்காவை இன்டர்வியூ எடுக்கப் போகிறது என்று தெரிந்ததும், அம்மா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. லண்டனில் நோர்பரியிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து, பக்கத்துச் சட்டனிலிருந்த மாமாவுக்குப் போன் எடுத்தார்.

மாமா அம்மாவின் தம்பி. பகலில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் மனேஜர். ஆனால் சனங்களுக்கு அவரைத் தெரிந்தது வேறு காரணத்துக்காக. ஒரு காலத்தில் ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்து இறங்கிய இளம் பெடியளுக்கெல்லாம் அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்து, இன்டர்வியூவுக்குப் பழக்கி அனுப்பியவர் அவர்தான். தான் எழுதின கேஸ் ஒன்றும் விழுந்ததில்லை என்று அவர் சொல்வார். அவருடைய சொந்தக் கேஸ் இரண்டு தரம் விழுந்தது என்று அம்மா சொல்வார்.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. எனக்கு ஒன்பது. அக்கா கெட்டிக்காரி, அதுதான் பிரச்சினையே. கெட்டிக்காரப் பிள்ளை டொக்டருக்குப் படிக்கவேண்டும், கொஞ்சம் குறைந்தால் பல் டொக்டர், இன்னும் குறைந்தால் கணக்காளர் என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். அக்காவோ பள்ளிக்கூட நூலகத்திலிருந்து பளபளவென்று ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அமெரிக்காவின் வடக்கில், பனி கொட்டும் ஒரு சின்ன ஊரில், ஒரு சின்னக் கல்லூரி. விண்ணப்பிக்கிறவர்களில் ஒரு கைப்பிடி பேரைத்தான் எடுப்பார்கள். எடுத்தால் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அங்கே போகிறவர்கள் முதல் வருஷம் வானசாஸ்திரமும் படிக்கலாம், தத்துவமும் படிக்கலாம், மண்பானையும் வனையலாம். எதில் பட்டம் எடுப்பது என்று இரண்டாம் வருஷம் முடிவு செய்தால் போதும்.

அம்மாவுக்குத் தலை சுற்றியது. என்ன படிக்கப் போகிறோம் என்றே தெரியாமல் ஒரு பிள்ளை கடல் கடந்து போகுமா? வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் விசாரிக்கிற சனத்துக்குத் தான் என்ன சொல்வது என்று அழாக்குறையாகக் கேட்டார். கடைசியில் கோயிலில், "டொக்டர் மாதிரி ஒரு படிப்பு" என்று சொல்லிச் சமாளித்தார்.

நான் மட்டும் முழுமனதாக அக்காவின் பக்கம் நின்றேன். அக்காவுக்கென்று ஓர் அறை இருந்தது. நான் தூசு உறிஞ்சுகிற ஹூவருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே, பெட்டி போன்ற ஒரு சின்ன அறையில் படுத்தேன். அக்கா அமெரிக்கா போனால் அந்த அறை எனக்கு. சும்மா சொல்லக்கூடாது, அவளுக்காக நான் அந்த மாதம் முருகனிடம் வேண்டிக்கொண்ட அளவுக்கு என் வாழ்க்கையில் வேறு எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை.

அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தவர் அப்பாதான். அப்பாவுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. ஒரு படத்தில் குளியலறையைக் கண்டதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூலை சரியில்லை என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓர் அறையில் முன்பின் தெரியாத இரண்டு பேரா? ஓம் என்றாள் அக்கா. சாப்பாடு பெரிய மண்டபத்தில், கார்ட்டைக் காட்டினால்தான் தருவார்களா? ஓம். அறையில் சமைக்கக்கூடாதா? ஓம். உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு வரிசையில் நிற்கவேண்டுமா? ஓம். டவுனுக்கு ஒரே ஒரு பஸ், சுற்றிவரக் காடு, ஆறு மாதம் பனி. அப்பா புத்தகத்தை மூடி வைத்தார்.

"இது கேம்ப் எல்லோ," என்றார்.

ஜெர்மனியில் அகதிகளை வைத்திருந்த கேம்பில் அப்பா நாலரை வருஷம் இருந்தவர். அக்கா கோபித்துக்கொண்டு, இது கேம்ப் இல்லை, கம்பஸ் என்று விளக்கினாள். அப்பா அதை மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கல்லூரியில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. டொக்டர் படிப்பைப் பற்றி மகளுக்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை. இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். ஜன்னல் பக்கத்துக் கட்டிலைப் பிடி, ஹீட்டர் அங்கேதான் இருக்கும். முதல் நாளே சமையற்காரரோடு சிநேகமாகிவிடு. சோப்பை ஒருநாளும் குளியலறையில் விட்டுவிட்டு வராதே. அக்கா கண்ணை உருட்டிக்கொண்டு சாப்பிட்டாள்.

மாமா மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களைப் பழக்கினார். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததை வாய் திறந்து சொல்லக்கூடாது. சந்தேகம் வந்தால் நினைவில்லை என்று சொல்லவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டிலுள்ள அத்தனை பேருடைய கதையும் ஒன்றாக இருக்கவேண்டும். அதைச் சோதிக்க எங்களைப் பிரித்து வைத்து விசாரித்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அக்கா காலையில் எத்தனை மணிக்கு எழும்புவாள்? குசினிக்குள் அடுப்படியில் நின்ற அம்மா ஐந்து மணி என்றார். படியில் இருத்தப்பட்ட நான் உண்மையைச் சொன்னேன், பத்து மணி. மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "கேஸ் விழுந்துது," என்றார். அதன் பிறகு அக்கா ஆறு மணிக்கு எழும்புவதாக ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

பிறகு அக்காவை முன்னால் இருத்தி, ஒபிசர் போலக் கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார். லண்டனில் உமக்கு என்ன ஆபத்து? ஆபத்து இல்லையென்றால் ஏன் வெளிக்கிடுகிறீர்? மான்செஸ்டருக்குப் போய் இருக்க ஏலாதோ? அக்கா முதலில் சிரித்தாள், பிறகு சினந்தாள். ஆனால் ஏன் போகிறாய் என்ற அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மூன்று ஞாயிறும் அவளால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

விண்ணப்பத்தோடு அவள் எழுதி அனுப்பிய கட்டுரையையும் மாமா வாங்கிப் படித்தார். பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்து, எட்டிப்பார்த்தால் தெரிகிற வீட்டு ஜன்னல்களைப் பற்றி அக்கா எழுதியிருந்தாள். மாமா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இதிலை ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லையே பிள்ளை. வீட்டிலை இவ்வளவு கதை கிடக்க, பஸ்ஸைப் பற்றியே எழுதுறது?"

அந்த வருஷம் சித்திரை, வைகாசியில், ஊரில் கடைசிச் சண்டை நடந்தபோது, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி இரவு பகலாக ஓடியது. அதற்குப் பிறகு அதை ஒருவரும் போடவில்லை. அக்கா தாளை வாங்கி மடித்தாள்.

"அது என்ரை கதை இல்லை மாமா. நான் அங்கை இருக்கேல்லை," என்றாள்.

மாமா குசினிப் பக்கம் திரும்பினார். தேத்தண்ணி கேட்டார்.

இன்டர்வியூ எடுக்கவிருந்தவர் உண்மையில் ஒபிசரே இல்லை. அந்தக் கல்லூரியில் முன்பு படித்துவிட்டு லண்டனில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஒரு கோப்பிக் கடையில் சந்திக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார். கோப்பிக் கடையில் வைத்து விசாரிக்கிற ஒபிசரைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று மாமா அதை மறுத்து, வீட்டுக்கு வரச்சொல்லி அக்காவைக் கொண்டு எழுதுவித்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட் சூட்டைப் போட்டுக்கொண்டு அவர் வாசலில் நிற்க, அந்தப் பெண்மணி மழையில் தெப்பமாக நனைந்து சைக்கிளில் வந்து இறங்கினார். மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

அம்மா மேசை கொள்ளாமல் பலகாரம் அடுக்கியிருந்தார். மட்டன் ரோல்ஸ், வடை, கேக், மறுபடியும் ரோல்ஸ். பக்கத்தில் மாமா தயாரித்த கோப்பு. அக்காவின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, எட்டு வயதில் இருபத்தைந்து மீற்றர் நீந்தியதற்கான பத்திரம் எல்லாம் திகதி வரிசையில் இருந்தன.

உனக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று பெண்மணி கேட்டார். நான் ஆறு மணிக்கு எழும்புவேன் என்றாள் அக்கா. நீ விட்ட பிழை ஒன்றைப் பற்றிச் சொல்லேன் என்றார். நினைவில்லை என்றாள். ஒரு சீப்புக்காக என்னோடு ஒரு மணிநேரம் வழக்காடுகிறவள், வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவள் போல இருந்தாள். ஏன் இந்தக் கல்லூரி என்று கேட்டபோது அவள் மாமாவைப் பார்த்தாள், மாமா கோப்பைப் பார்த்தார். பெண்மணி என்னிடம் திரும்பிச் சிரித்தார். அவர் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. நான் முந்திக்கொண்டு, அக்கா ஆறு மணிக்கு எழும்புவா என்றேன். அவர் எங்களை ஒருவர் மாறி ஒருவராகப் பார்த்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தை மெதுவாக மூடினார். ஐயோ, என் அறை போச்சு என்று நினைத்தேன். அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

வாயே திறக்கக்கூடாது என்று கட்டளை பெற்றிருந்த அப்பா, அப்போதுதான் தன் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார், ஹீட்டர் ஜன்னல் பக்கத்திலா என்று.

பெண்மணி வியந்துபோனார். ஆமாம், அதுவும் படபடவென்று சத்தம் போடும் என்றார். தோய்க்கிற மெஷினில் நேரம் முடிந்தால் அடுத்தவன் எங்கள் ஈர உடுப்பை எடுத்து நிலத்தில் போடுவானா என்று அப்பா கேட்டார். போடுவான், போடுவான் என்று அவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். சோப்பு களவு போகும் என்றார் அப்பா. சோப்பு மட்டுமா என்றார் அவர். பிறகு, தான் கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன அடுப்பை ஒளித்துவைத்துச் சமைத்து, நெருப்பு அலாரம் அடித்து, முழு விடுதியும் பனியில் நின்ற கதையைச் சொன்னார். நாங்களும்தான் என்றார் அப்பா. கேத்திலில் முட்டை அவிக்கப் போய், ஆறு பேர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு பனியில் நின்றார்களாம். இரண்டு பேரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்கள். அப்பா அப்படிச் சிரித்து நான் அந்த வருஷம் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்மணி கேட்டார், நீங்கள் படித்தது எந்தப் பல்கலைக்கழகம்?

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பதில் சொல்லவேண்டாம் என்று மாமா தலையை ஆட்டினார். அப்பா கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பதில் சொன்னது அக்கா. அது பல்கலைக்கழகம் இல்லை, வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு வரும்வரை ஆட்களை வைத்திருந்த இடம், அப்பா போகும்போது அவருக்குப் பத்தொன்பது வயது என்றாள். அதோடு நிறுத்தவில்லை. மாமாவின் சட்டம் எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு, ஒருவரும் கேட்காததையும் சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்கு அது எங்கள் பேச்சிலேயே நினைவிருக்கிறது.

"எங்கடை வீட்டிலை எல்லாரும் ஒரு இடத்தை விட்டு வெளிக்கிட்டவை. ஒருத்தரும் விரும்பி வெளிக்கிடேல்லை. நான் ஒருக்கா விரும்பிப் போகவேணும்."

பெண்மணி குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றரை மணிநேரம் பேசினார்கள். பஸ், ஜன்னல், வானசாஸ்திரம், பத்து மணிக்கு எழும்புவது எல்லாம் வந்தது. மாமா குசினிக்குள் போய், கேஸைத் தங்கள் கையாலேயே குழப்பிப்போட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ரோல்ஸ் சாப்பிட்டார். பெண்மணி புறப்படும்போது அம்மா ஒரு பார்சல் கட்டிக் கொடுக்க, லஞ்சம் என்று எழுதிப்போடுவா என்று மாமா பதறினார். பெண்மணி அதைச் சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் மாட்டோம் என்று சொன்னால் அப்பீல் செய்ய எத்தனை நாள் தருவார்கள் என்று அப்பா அக்காவிடம் கேட்டார். அப்பீல் இல்லை என்றதும் அவருக்கு அந்தக் கல்லூரியில் இருந்த மதிப்புக் கொஞ்சம் குறைந்துவிட்டது.

மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது. கொம்ப்யூட்டரில்தான் வரும் என்று எத்தனை தரம் சொல்லியும், அப்பா அந்த இருபத்தொரு நாளும் தபால்காரரை வாசலில் நின்று மறித்தார். அக்கா மேலே தன் அறையிலிருந்து இறங்கி வந்து, கடைசிப் படியில் இருந்துகொண்டு, கிடைச்சிட்டுது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். மாமா போனில், என் கேஸ் விழாது என்று முன்பே சொன்னேன்தானே என்றார். நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். திரும்பி இறங்கி வந்தபோது அப்பா இன்னும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"திரும்பி வர விடுவினமோ?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மா அழுகைக்கு நடுவே சிரித்தார். போனுக்குள் மாமா சிரிப்பது கேட்டது. அது கொலிஜ் அப்பா, லீவு விடுவார்கள், கோடைக்கு வருவேன் என்றாள் அக்கா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலும் அதைச் சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் படியில் வந்து இருந்து, அதே கேள்வியை இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டார். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று தன் தாயிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு வெளிக்கிட்டார் என்பதும், வெளிக்கிட்ட அன்றைக்கு அந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்கவில்லை என்பதும், பிறகு தாயிடம் திரும்பிப் போக முடியவில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.