ஹாரனுக்குப் பதில் நான்

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என் அப்பாவிடம் விட்டுப்போன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இன்று பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றிப் புது ஆல்டர்னேட்டர் பொருத்தினோம். சாவியைத் திருப்பியதும் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தது. இன்ஜின் ஓடினால் அணையும் என்று தெரிந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சிறுவயதில் ஒருநாள் அது அணையவே இல்லை. மூச்சு இழுப்பில் திணறிய அம்மாவை ஏற்றிக்கொண்டு அப்பா மலைப்பாதை மூடுபனியில் தானா ராத்தா நகர ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். அம்மாவுக்கும் கதவுக்கும் நடுவில் நான்.

"டைனமோ போச்சு. ஹாரன் அடிச்சா பேட்டரி செத்துடும், வண்டி நின்னுடும். வளைவுல நீ கத்து, பாப்பா!" என்றார்.

தலையை வெளியே நீட்டி, "கார் வருது, கெரெத்தா வருது!" என்று ஒவ்வொரு வளைவிலும் அலறினேன். எதிரே ஒரு காய்கறி லோரி பிரேக் அடித்து நின்றது.

"என்னா லா அண்ணே, ஹாரன வித்துட்டீங்களா?" என்றார் அதன் ஓட்டுநர்.

ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானதும் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.