சகலை சுருக்கிய வேலை

என் சகலையை நினைத்தால் முகம் வருவதில்லை, இரண்டு பாதங்கள்தான் வருகின்றன. படகின் நடுவிலிருக்கிற பலகையைத் தூக்கினால் ஒரு குழி, அதற்குள் இன்ஜின். இன்ஜினுக்கும் படகின் பக்கத்துக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கத்தான் இடம் உண்டு. அவர் அதில் தலைகீழாக இறங்கிவிடுவார். வெளியே தெரிவது வெடித்த குதிகாலும் மடித்துக் கட்டிய லுங்கியின் ஓரமும்தான். "பதினாலு ஸ்பேனர் குடுங்க சகலை" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஐப்பசி மூடுபனியில் எதிர்க்கரை தெரியாது. வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் நான் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். பூர்வீகம் கொல்லிமலைதான். அவருடைய அப்பா காலத்திலேயே அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிவிட்டார்கள். அங்கே டீசல் இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறார். நான் மலைமேல் இருக்கிற வாழவந்தி நாட்டுக்காரன். பக்கத்து ஏரியில், மலை பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றுகிற மோட்டார் படகை ஓட்டுகிறேன். மலைக்காரனுக்குப் படகு ஓட்டுகிற உத்தியோகம் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரே ஏரியைச் செக்குமாடு மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி இடுப்பெலும்பு தேய்ந்தவனுக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தால் தைப்பொங்கல் வரைக்கும் படகுக்கு வேலை கிடையாது. சும்மா நிறுத்தினால் இன்ஜின் கெட்டுப்போகும். ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது, எங்கள் ஏரித் தண்ணீரோ செம்மண் கரைசல். அந்தச் சேறு உள்ளேயே தங்கிக் காய்ந்தால் துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும். ஆகவே வருஷாவருஷம் படகைக் கரைக்கு இழுத்து, இன்ஜினுக்கு அடியிலிருக்கிற மூடிகளைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்திச் சேற்றை எடுக்க வேண்டும். ஆயில் மாற்ற வேண்டும். ஈரம் கோக்காமல் இருக்க டீசல் டேங்கைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். கடைசியில் புகைக்குழாயில் துணி அடைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் சகலை எங்கள் வீட்டில் இருப்பார்.

அவர் மேலே வருவது லேசான காரியமில்லை. ஊரிலுள்ள டிராக்டரையெல்லாம் பிரித்துப் போடுகிறவருக்கு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஏறினால் தலை சுற்றும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே வந்து இறங்குவார். முகம் வெளுத்துக் கிடக்கும். "இந்த ரோடு போட்டவன் கையில கெடைக்கட்டும்" என்று ஒரு தடவை திட்டிவிட்டு, குச்சிக்கிழங்கும் காப்பியும் சாப்பிட்ட பிறகுதான் மனுஷனாவார்.

அவர் மனைவி, அதாவது என் கொழுந்தியாள், மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் பக்கம் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கும் அவள் கூடப்பிறந்தவர்கள் வீட்டுக்கும் அந்தப் பெண் இருக்கிறவரைதான் மாப்பிள்ளை கூச்சமில்லாமல் வந்துபோவார். அவள் போய்விட்டால் சாவுக்கும் கல்யாணத்துக்கும் வருவார், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். காரணமில்லாமல் போய்த் தங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அவருக்கே கால் எழாது. எங்கள் சகலைக்கு அந்த இன்ஜின்தான் காரணமாக இருந்தது. ஒற்றை ஆளாகச் சோறாக்கித் தின்கிற மனிதர் அந்த மூன்று நாள்தான் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். என் மனைவி அதற்கென்றே ஒரு சேவலை வளர்ப்பாள். தங்கையைப் பற்றிப் பேச அவளுக்கும் வேறு ஆள் இல்லை. அந்தப் போக்குவரத்து நின்றுவிடக் கூடாது என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கவலை.

ஆனால் அவருக்கு வேலையைச் சுருக்குகிற கிறுக்கு ஒன்று இருந்தது. ஒரு வருஷம் போனில் வீடியோ காட்டினார். ஏதோ பனி நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் படகு இன்ஜினுக்கு இதே வைத்தியம் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே உறைந்து இரும்பையே பிளந்துவிடுமாம். அவர் குழிக்குள் இறங்கவே இல்லை. ஒரு வாளி, ஒரு டியூப், அவ்வளவுதான். "நமக்கு ஐஸ் இல்லீங்க சகலை, சேறுதான். ஆனா வாளி ஒண்ணுதானுங்களே" என்றார். அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

அடுத்த ஐப்பசியில் எலுமிச்சம்பழத்தோடு ஒரு வால்வும் டியூபும் கொண்டுவந்தார். தண்ணீர் உறிஞ்சுகிற குழாயில் வால்வைப் பொருத்தி, டியூபின் மறுமுனையை ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் விட்டு, இன்ஜினை ஓடவிட்டார். பின்பக்கக் குழாயிலிருந்து முதலில் சிவப்பாகக் கொட்டியது, பிறகு தெளிந்தது. உடனே, இன்ஜின் துருப்பிடிக்காமல் காக்கிற கூலன்ட் இருந்த வாளிக்கு டியூபை மாற்றினார். பின்னால் பச்சையாக வந்ததும் இன்ஜினை நிறுத்தினார். ஏரியில் ஒரு சொட்டு விழாமல் வாளியில் பிடித்தது மட்டும்தான் என் வேலை. சேறு குத்துகிற பாடே இல்லை. மத்தியானத்துக்குள் ஆயில், டீசல், துணி எல்லாம் முடிந்தது. அவர் அன்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பினார். சேவல் குழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுத்தனுப்பிய என் மனைவி என்னிடம்தான் எரிந்து விழுந்தாள். "அத்தன சுருக்கா முடிக்கோணும்னு யாருங்க அழுதாங்க?"

அதற்கடுத்த வருஷம் படகைக் குத்தகைக்கு எடுத்தவர், "இவ்ளோ லேசுன்னா நீங்களே பண்ணீருங்க" என்று சொல்லிவிட்டார். சகலையும் போனில் அதையே சொன்னார். "உங்களுக்கே கை வந்துருச்சுங்களே, நான் எதுக்குங்க?" நானே செய்தேன். பொங்கலுக்கு இன்ஜின் முதல் இழுப்பிலேயே ஓட ஆரம்பித்தது. அது மக்கர் பண்ணியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். பிழைப்புக்காரன் நினைக்கக் கூடாத நினைப்புதான்.

அந்தப் பொங்கலுக்கு அவர் வரவில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கும் வரவில்லை. என் மனைவி கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்தான். "ஏதாச்சும் வேலைன்னா சொல்லுங்கக்கா, வாரேன்." போனை வைத்துவிட்டு அவள் அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள். சொந்தம் இப்படித்தான் சண்டை சச்சரவில்லாமல் அறுந்துபோகிறது என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. இன்னும் எத்தனை ஐப்பசி வரப்போகிறது?

இந்த ஐப்பசியில் நான் அவருக்குப் போன் போட்டேன். "இன்ஜின் ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க சகலை. எனக்கு ஒண்ணும் புடிபடல" என்றேன். "காலைல மொத பஸ்ஸுக்கு வாரேனுங்க" என்றார்.

வந்தார். இளைத்திருந்தார். காப்பி குடித்துவிட்டு நேராக ஏரிக்கு நடந்தோம். முட்டியைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் குனிந்து இன்ஜினை ஓடவிடச் சொன்னார். ஸ்குரூடிரைவரின் முனையை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். கண்ணை மூடியிருந்தார். அது தறி ஓடுகிற மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

நிறுத்தச் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டார். "ஏனுங்க சகலை, பொய் சொல்றதுன்னா ஒரு நட்டையாச்சும் லூசு பண்ணி வெச்சுட்டுச் சொல்லக் கூடாதுங்களா?"

அவர் என்னைப் பார்க்காமல் கையை நீட்டி ஸ்பேனர் கேட்டார். கொடுத்தேன். நன்றாக இறுகியிருந்த ஒரு நட்டைத் தம் கட்டிக் கழற்றினார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இத நாளைக்கு மாட்டிக்கலாமுங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம், அக்கா சோறாக்கி வெச்சிருக்கும்."