தவசியின் பாதி வாய்

எழுமலை ஊர்த் தவசிக்கு யாரோடும் ஒத்துவராது. மாட்டுத் தரகு அவன் தொழில். விற்றவனும் அவனைத் திட்டுவான், வாங்கியவனும் திட்டுவான். இருவரையும் சேர்த்து அவன் திட்டுவான். எல்லாரையும்விட அதிகமாக வாங்கிக் கட்டிக்கொள்பவன் விருமாண்டி. தவசியின் கூடப் பிறந்த தங்கையைக் கட்டியவன்தான், ஆனால் அவனும் தரகன். கல்யாணமான கையோடு மச்சானின் வாடிக்கைக்காரர்களை வளைத்துப் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து திட்டு உண்டே தவிர, இருவருக்கும் நேர்ப் பேச்சு வார்த்தை கிடையாது.

மாட்டின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து வயசு சொல்கிற தவசிக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் சொந்தக் கடைவாய்ப் பற்கள் ஆட ஆரம்பித்தன. ஈறில் சீழ் வைத்தது. விருமாண்டி சந்தைக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

"தரகரு வாயப் பிளந்து பாத்தா, அடிமாட்டுக்குத்தான்யா போவாரு!"

சந்தையே சிரித்தது. பல் விழுந்தால் இந்தச் சிரிப்பு சாகிற வரைக்கும் ஓயாது. மறுநாளே தவசி மதுரைக்குப் பஸ் ஏறினான்.

பழங்காநத்தத்தில் பல் டாக்டர் ஜலால் படம் எடுத்துப் பார்த்தார். பல்லைத் தாங்கும் எலும்பு இரண்டு பக்கமும் கரைந்து குழி விழுந்திருந்தது. ஈறைத் திறந்து சுத்தம் பண்ணி, குழியில் எலும்புக்குப் பதிலாக நொய் போன்ற வெள்ளைக் குருணை வைத்துத் தைக்கலாம் என்றார்.

"யாரு எலும்பு அது? சுடுகாட்டுல பொறுக்குனதா?"

"எந்த உசுரோட எலும்பும் இல்லங்க. சுண்ணாம்புச் சத்த வச்சுக் கம்பெனியில செய்யிறது. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சேன்."

தவசி நம்பவில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தான்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு அளந்தார். வலப்பக்கப் பற்கள் ஆணி அடித்தாற்போல நின்றன. இடப்பக்கம் இன்னும் ஆடியது. அதுவரை வெளியே விடாத சங்கதியை அப்போதுதான் அந்த மனிதர் சொன்னார்.

"குருணைய வலது பக்கம் மட்டுந்தான் வச்சேன். இடது பக்கம் வெறும் சுத்தம். குருணையால ஆறுதா, சுத்தம் பண்ணதுலயே ஆறுதான்னு ஒரே வாயில பாத்தாத்தான் தெரியும். இப்பத் தெரிஞ்சிருச்சு. அடுத்த வாரம் வாங்க, இடது பக்கமும் வச்சிருவோம்."

தவசிக்குக் கோபம் தலைக்கேறியது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? ஏன்யா, எம் வாயில பாதியத் தரிசாப் போட்டு வேடிக்கை பாத்தியா?"

"சொல்லியிருக்கணும். தப்புத்தான். அதுக்காகப் பல்ல விட்றாதீங்க."

"இனி ஒங்கை எம் வாயில பட்டுச்சு, கடிச்சுப்புடுவேன்!"

டாக்டர் செய்தது அயோக்கியத்தனம். மருந்து கேட்டது என்பதற்காக அது நல்ல காரியம் ஆகிவிடாது. ஆனால் நியாயமான கோபத்தை வைத்துக்கொண்டு திட்டுவதைத் தவிர வேறென்ன செய்வதென்று தவசிக்குத் தெரியாது. சந்தையில் ஒவ்வொருவனிடமும் வாயைப் பிளந்து காட்டி நியாயம் கேட்டான். அவர்களோ மாட்டுக்குப் பார்ப்பது போல விரலை விட்டு வலப்பக்கப் பல்லை ஆட்டிப் பார்த்தார்கள்.

"அம்மாடி, அசையலையேப்பா! அந்த டாக்டரு எங்கிட்டு இருக்காரு?"

ஒருத்தனும் இடப்பக்கத்தைப் பார்க்கவில்லை. தவசிக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் விருமாண்டியும் கிளம்பிப் போனான். அவன் பல்லும் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்ததாம். வைத்தியம் முடிந்து திரும்பியவன், வருஷக் கணக்கில் பேசாதிருந்த தவசியின் முன்னால் வந்து நின்றான்.

"மச்சான், எனக்கு ரெண்டு பக்கமும் வச்சிட்டாரு. நீ போட்ட சத்தத்துக்கப்பறம் யாருக்கும் பாதி வைக்கிறதில்லையாம். ஒனக்குன்னு குருணையத் தனியா எடுத்து வச்சிருக்காரு. வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஒஞ் சோலியப் பாத்துட்டுப் போடா."

அடுத்த பொங்கலுக்குள் தவசியின் இடப்பக்கப் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கன்னம் குழிந்து முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. இனி ஊர் சிரிக்கும் என்று வசவுகளைத் தயாராக வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனான். விருமாண்டி அவன் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல், பக்கத்தில் சிரிக்கப்போன ஒருத்தனையும் கையைப் பிடித்து அடக்கினான்.

தவசியால் தாங்க முடியாமல் போனது அதுதான்.