பதினோராவது சார்பு

காய்கறிக் கடையில், தராசின் சிவப்பு எண்கள் ஆடி அடங்கும்வரை அவர் பையை எடுக்க மாட்டார். "கடைசி எண்ணு இன்னும் நிக்கலையே" என்பார். "தக்காளிதானேம்மா, தங்கமா?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். மூக்குக்கண்ணாடி வில்லை தயாரிக்கும் நிறுவனத்தில் எனக்குப் பக்கத்து மேசை. வில்லைகளின் அளவைச் சரிபார்க்கும் மென்பொருள் அவர் பொறுப்பு. அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'தசமம்'. அப்படிக் கூப்பிட்டாலும் கோபமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

காலையில் வேலை தொடங்குமுன் ஒரு மணி நேரம் இன்னொரு வேலை, சம்பளமில்லாதது. பல நாட்டவர் சேர்ந்து இலவசமாக உருவாக்கும் ஓர் இயங்குதளத்தின் கணிதத் தொகுப்பில் விட்டுப்போன சார்புகளை, அதாவது எண்ணைக் கொடுத்தால் விடை தரும் சிறு நிரல்களை, எழுதிச் சேர்ப்பது. "ப்ரோகிராம் எழுதறவங்க ஒரு கணக்கு கேட்டா சிஸ்டம் பதில் சொல்லணும்ல? சொல்லத் தெரியாம முழிச்சா, அந்த ஓட்டைய நான் அடைப்பேன். அவ்வளவுதான்."

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓட்டைகள் பதினொன்று இருந்தன. பத்தை ஒழுங்காக அடைத்தார். ஓர் எண்ணை இன்னொன்றின் அடுக்குக்கு உயர்த்தும் பதினோராவது சார்பு மட்டும் பிடி கொடுக்கவில்லை. அதன் விடை பதினெட்டு இலக்கம் வரை சரியாக இருக்க வேண்டும். புதிய பதிப்பு வெளியாகும் நாளோ நெருங்கிவிட்டது. பதினைந்து இலக்கம் மட்டுமே தரும் பழைய சார்பிடம் விடையை வாங்கி அப்படியே நீட்டும்படி ஒரே வரி எழுதினார். 'இது தற்காலிகம்' என்று மேலே ஒரு குறிப்பும் போட்டார். பிறகு அந்தக் குறிப்பை அழித்தார்.

"ஏன் அழிச்சீங்க?" என்று கேட்டேன்.

"பதினொண்ணையும் முடிச்சிட்டீங்களேன்னு ஆளாளுக்குப் பாராட்டினாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல." என்னைப் பார்க்காமல், மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "அடுத்த மாசம் சரி பண்ணிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள பொண்ணு பொறந்துட்டா."

சென்ற ஆண்டு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணிக்கும் ஆராய்ச்சியாளர், ஒரு பெண்மணி. இந்தச் சார்பைக் கொண்டு லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்பக் கணக்கிடும்போது கடைசி இலக்கத்துப் பிசகு வளர்ந்து, வால்நட்சத்திரத்தையே வேறு பக்கம் தள்ளிவிடுகிறதாம். 'என் புரிதல் தவறாகவும் இருக்கலாம். நேரமிருந்தால் பாருங்கள்' என்று முடித்திருந்தார். அந்தப் பணிவுதான் இவரைச் சாய்த்துவிட்டது. மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, "நீங்க கொஞ்சம் பக்கத்துல இருங்க" என்று என்னை உட்காரவைத்துத் தொலைபேசியில் அழைத்தார்.

"தப்பு உங்க மேல இல்லைங்க. நான் எழுதினதுதான் தப்பு."

"தெரியாம நடந்ததுதானே, விடுங்க."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இல்லைங்க. தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்றார்.

மறுமுனையில் குரல் தணிந்தது: "என் கூட வேலை பார்த்தவருதான் கோட்டை விட்டுட்டாருன்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் அவரைக் குத்திக் காட்டிக்கிட்டே இருந்தேன். மனசு விட்டுப்போய் வேலைய விட்டுட்டாரு."

இவர் முகம் செத்துப்போயிற்று. அந்த மனிதரின் முகவரியைக் கேட்டு வாங்கி அன்றே எழுதினார். 'தெரியாமல் செய்த பிழை' என்று போடும்படி கணவர் சொல்லிப் பார்த்தாராம். "மறுபடியும் பொய்யா?" என்று கேட்டுவிட்டாராம் இவர். அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஐந்து மாதம் உட்கார்ந்து சார்பை முறையாக எழுதி, கோடிக்கணக்கான எண்களைக் கொடுத்துச் சோதித்தார். புதிய பதிப்புக்கான அறிவிப்பில் குழுவினர் 'துல்லியம் மேம்படுத்தப்பட்டது' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'எட்டு ஆண்டுகளாகத் தவறாக இருந்தது. எழுதிய எனக்கு அது தெரியும்' என்று மாற்றினார்.

போன வாரம் புதிய பதிப்பு வெளியாயிற்று. காணொளிக் கூட்டத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களெல்லாம் இவருக்காகக் கைதட்டின. "இவ்வளவு நேர்மையா யாரு ஒத்துக்குவாங்க!" என்றார் குழுத் தலைவர்.

இவர் கை நீட்டித் தன் கேமராவை அணைத்தார். கைதட்டல் ஓயும்வரை, தன் முகம் இருந்த கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.